பழனிக்கு நடக்கும் கால் வெள்ளியங்கிரியில் ஏன் நடுங்கியது?

கேள்வி: எனக்கு வயது 47. காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக இருக்கிறேன். நாள் முழுதும் நாற்காலிதான். ஆனாலும் வருடந்தோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன். அதில் ஒரு குறையும் வந்ததில்லை. போன சித்திரையில் மச்சானோடும் அவருடைய நண்பர்களோடும் முதன்முறையாகக் கோவைக்கு மேற்கே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிக்குப் போனேன். இரவில் ஏறினோம், விடியும்போது தரிசனம் ஆயிற்று. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிரக் கால் ஒத்துழைத்தது. இறங்கும்போது பாதி வழியில் தொடை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. பிறகு இரண்டு முழங்காலிலும், வலது காலில் கூடுதலாக, சில்லைச் சுற்றி முன்பக்கம் வலி. கடைசிப் படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து, இருவர் தோளைப் பிடித்துத்தான் கடந்தேன். ஐந்து நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. இப்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் வலது முட்டி பிடிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வரும் சித்ரா பௌர்ணமிக்கு மறுபடியும் போகலாம், ஏறுமுன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் மச்சான். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி மலையே வேண்டாம் என்கிறார் என் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது? செருப்பில்லாமல் போனதுதான் காரணமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காங்கேயம்

பதில்: கோவையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட்

முதலில் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை. மச்சானின் மாத்திரை யோசனை உங்கள் நிலையில் ஆபத்தானது. செருப்புக்கும் இந்த வலிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மூன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்கு வேண்டிய தகவலை நீங்களே வரிசை மாறாமல் எழுதிவிட்டீர்கள். முதலில் தொடை நடுங்கியது, பிறகுதான் முட்டி வலித்தது. மூட்டு கெட்டதால் கால் தளர்ந்தது என்றால் இந்த வரிசை வந்திருக்காது. தொடைத் தசை களைத்துக் கைவிட்டது. அது தாங்கவேண்டிய சுமை முட்டியின் மேல் விழுந்தது. வலி சில்லைச் சுற்றி முன்பக்கம் இருக்கிறது, இறங்கும்போது கூடுகிறது, வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால், முட்டிச் சில்லும் தொடை எலும்பும் உரசி நகரும் இடத்தில் எரிச்சல் ஏற்பட்டிருக்கிறது என்பதுதான் எங்கள் முதல் ஊகம். நாற்காலி வேலை பார்ப்பவர்களிடம் அன்றாடம் காண்கிற வலி இது. பயிற்சியால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசையையும் ஜவ்வையும் காட்டாது. மலையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ, சமதளத்தில் நடக்கும்போதே கால் திடீரென்று மடங்கிக் கைவிட்டாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நான் கீழே சொல்வதைச் செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருந்து எழுத மறந்திருந்தால், முதல் வேலை அதுதான்.

இனி பழனி. காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற ஒருவருக்கு வெள்ளியங்கிரியில் ஏன் இந்தக் கதி? பாதயாத்திரை போகிற எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. தாராபுரம் சாலை சமதளம். அங்கே கால் உங்களை முன்னே தள்ளினால் போதும். மலை ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், ஆனால் தசைக்குக் காயம் குறைவு. இறங்கும்போது நடப்பதே வேறு. உடம்பு தானாகவே கீழே போகப் பார்க்கிறது. அதே முன்தசை, நீண்டுகொண்டே, உடம்பைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும். பண்ணாரியிலிருந்து திம்பம் வரையிலான 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரி ஏறும்போது இன்ஜின் திணறும். இறங்கும்போது பிரேக் காயும். போன வருடம் உங்களுக்குக் காய்ந்தது பிரேக். பழனி நடை இன்ஜினுக்கு நல்லது. பிரேக்குக்கு அதில் வேலையே இல்லை.

படி இறங்கும்போது முட்டிச் சில்லின் பின்புறம் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். எழுபது கிலோ ஆளுக்கு ஒவ்வொரு படியிலும் இருநூறு கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்கர் என்பதால் இன்னொரு கணக்கும் தருகிறேன். உங்கள் பக்கத்துச் சென்னிமலைக்கு 1,320 படிகள். படிக்கு 15 சென்டிமீட்டர் என்று கொண்டால் சுமார் 200 மீட்டர் உயரம். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை ஆயிரம் மீட்டருக்கு மேலான ஏற்றம். ஆகவே ஒரே மூச்சில் ஐந்து சென்னிமலை ஏறி, ஐந்து சென்னிமலை இறங்கியிருக்கிறீர்கள், அதுவும் தூங்காமல். இதில் வெள்ளியங்கிரிக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. வெள்ளை விநாயகர் கோயில் வரையிலான முதல் மலையின் கற்படிகள்தான் செங்குத்தும் மேடுபள்ளமும் நிறைந்தவை. ஏறும்போது அது முதல் மலை. புதுத் தெம்பில் தெரியாது. இறங்கும்போது அதுவே கடைசி மலை. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிய இடம் அதுதான்.

பங்குனி, சித்திரை மாதங்களில் திங்கட்கிழமை காலை என் சிகிச்சை அறைக்கு வருகிறவர்களை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். உள்ளே வரும்போது படியில் சாதாரணமாக ஏறி வருவார்கள். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தெருவுக்குக் காட்டி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். இந்தத் தசைவலி இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக வடியும். தைலம் தேய்த்து நீவினால் இதமாக இருக்குமே ஒழிய நாள் குறையாது. ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அதை வெறும் தசைவலி என்று விட்டுவிடக் கூடாது. அளவுக்கு மீறிச் சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தசைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை, ஓரிரு வாரம் கழித்து அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். ஓர் ஆண்டு நிற்காது. போன சித்திரையில் பட்ட பாடு இந்தச் சித்திரைக்கு உதவாது என்று இதற்குப் பொருள். இன்னொரு பொருளும் உண்டு. இறங்கும் வலிக்கு மருந்து இறங்குவதேதான், கொஞ்சம் கொஞ்சமாக, முன்கூட்டியே.

தை பிறக்கப்போகிறது. சித்திரைக்கு மூன்று மாதம் இருக்கிறது. தாராளம்.

தை மாதம் வீட்டு மாடிப்படியே போதும். கீழ்ப்படியில் வலது காலை ஊன்றி நில்லுங்கள். இடது கால் படியின் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம், பிடித்துத் தொங்கக் கூடாது. வலது முட்டியை மெதுவாக மடக்கி, மனத்துக்குள் நான்கு எண்ணி முடியும்போது இடது குதிகால் தரையைத் தொடவேண்டும். தொட்டால் போதும், எடையை அதன் மேல் இறக்கிவிடாமல் மறுபடியும் நிமிருங்கள். எட்டு முறை, பிறகு மறு கால். சற்று ஓய்வெடுத்து, இதையே இன்னும் இரண்டு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மடங்கும் முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பெருவிரலையும் தாண்டி உட்பக்கம் சாய்ந்தால், இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்திருக்கிறது. நாற்காலிக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சாயும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டியபடி உயர்த்தி இறக்குவது அதற்குப் பயிற்சி. படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தாழ்த்தி உயர்த்தினால் கெண்டைக்காலும் தேறும்.

செய்யும்போது வலித்தால் விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். பத்துக்கு மூன்று மதிப்பெண் போடக்கூடிய வலி என்றால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் படியின் உயரத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். தைப்பூச நடை இருக்கும் வாரம் மட்டும் இதற்கு விடுமுறை.

மாசியில் மலைக்குப் போகலாம். படிகள் குறைவு என்பதால் முதலில் சிவன்மலை. பக்தர் கனவில் ஆண்டவன் உத்தரவிட்ட பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிதானமாக இறங்குங்கள். ஓரிரு முறைக்குப் பின் சென்னிமலை. இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். படியேறிப் போவது பயிற்சி என்று நினைத்து வேர்க்க விறுவிறுக்க ஏறிவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று பஸ்ஸில் இறங்குகிறார்கள். நீங்கள் பஸ்ஸில் ஏறுங்கள். 1,320 படிகளையும் நடந்து இறங்குங்கள். களைக்காத காலோடு சரியான முறையில் இறங்கிப் பழகுவதுதான் இந்த மாத வேலை. வாரம் ஒரு முறை போதும். பங்குனியில் ஏற்றம், இறக்கம் இரண்டும், தோளில் மூன்று நான்கு கிலோ பையோடு. மாதக் கடைசியில் ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். மறுநாள் காலை வீட்டு மாடிப்படியில் முன்பக்கமாக, சுவரைத் தொடாமல் இறங்க முடிந்தால் தேறிவிட்டீர்கள். வெள்ளியங்கிரிக்கு முந்தைய பத்து நாட்களில் கடுமையாக எதுவும் வேண்டாம்.

இறங்கும் முறைக்கும் இலக்கணம் உண்டு. காலடியின் நீளத்தைச் சுருக்குங்கள். முட்டியை விறைக்காமல் சற்றே மடக்கி வையுங்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும், முட்டிக்கும் சுமை கூடும். உயரமான படி வந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு கால் மட்டும் வலித்தால் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே. காரணம் எளிது: எந்தக் கால் மேல்படியில் நிற்கிறதோ அதுதான் உடம்பைப் பிடித்து இறக்குகிறது. பையன்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் அடுத்த திங்கட்கிழமை என் வாசலில் நிற்கப்போகிறவர்கள்.

அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியைப் பலர் சடங்குக்காகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஊன்றுகோலால் இறக்கத்தில் முட்டியின் சுமை எட்டில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வு இரண்டு கோல்களோடு நடந்தது. ஆகவே இரண்டு தடி வாங்குங்கள். வாங்கும்போது அடிமுனையைப் பாருங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய தடிதான் வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டியது என்றால், கல்லில் இடித்து இடித்து, முதல் மலை முடிவதற்குள் முனை பிளந்து நார் நாராகிவிடும். பிறகு பாறையில் நிற்காமல் வழுக்கும். ஏறும்போது நடுவிலும், இறங்கும்போது மேல்முனைக்கு அருகிலும் பிடியுங்கள். தடி முதலில் கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும், கால் அதன் பின்னால் வரவேண்டும். கால் போன பிறகு தடியை இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. ஒரே தடி கிடைத்தால், உங்களுக்கு வலது முட்டி என்பதால், இடது கையில் பிடியுங்கள்.

செருப்பு விஷயம். வெறுங்காலோடு ஏறுவது பலருக்கு நேர்த்திக்கடன், அதில் நான் குறுக்கிடவில்லை. வெறுங்காலோடு போகிறவர் இயல்பாகவே காலடியைச் சுருக்குவார் என்பதால் முட்டிக்கு அது கெடுதலும் அல்ல. கெடுவது தோல்தான். தோட்டங்காட்டில் வெறுங்காலோடு நடந்து காய்த்த பாதம் தாங்கும். ஆலை அலுவலகத்துப் பாதம் கொப்புளிக்கும், கொப்புளம் வந்தவர் நடையை மாற்றுவார், மாறிய நடை முட்டியில் வந்து நிற்கும். ஷூ போடுவதாக இருந்தால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், நகத்தை முந்தைய வாரமே வெட்டிவிடுங்கள். இறங்குமுன் கயிற்றை அவிழ்த்துக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். அலமாரியில் பல வருடம் கிடந்த ஷூவை எடுத்துப் போடாதீர்கள். பார்க்கப் புதிதாக இருந்தாலும் அடிப்பாகம் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும், நடு மலையில் பிளந்துகொள்ளும். மருந்துக்கடையில் விற்கும் முட்டி உறை (நீ கேப்) இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அது தசையின் வேலையைச் செய்யாது.

இப்போது மாத்திரை. உங்கள் மச்சானிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. சாதாரண நாளில் ஆரோக்கியமானவர் சமாளித்துவிடுவார். இரவெல்லாம் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, அதோடு டெல்மிசார்டன், லோசார்டன், ரமிப்ரில், எனாலபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்தும் சேர்ந்தால், சிறுநீரகம் திடீரென்று செயலிழக்க வாய்ப்பு உண்டு. நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் அதிகம். இரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஓர் எழுத்து இருந்தால் பெரும்பாலும் அந்த நீர் மருந்தும் உள்ளே இருக்கிறது. போதாக்குறைக்கு, வலி தெரியாத முட்டியோடு இறங்குகிறவர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்க மாட்டார். அதற்காக மலைக்குப் போகும் நாளில் நீங்களாகவே அழுத்த மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. அன்றைக்கு எப்படிச் சாப்பிடுவது என்று மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அவரிடம் கேட்கவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. 47 வயது, நாற்காலி வேலை, மூன்று ஆண்டு இரத்த அழுத்தம். முட்டியை விட எனக்கு உங்கள் இதயத்தைப் பற்றித்தான் கவலை. 2024 பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறியவர்களில் பலர் இறந்த செய்தி நாளிதழ்களில் தொடர்ந்து வந்தது நினைவிருக்கும். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கையும் வந்தது. ஈசிஜி, தேவை என்று அவர் கருதினால் டிரெட்மில் பரிசோதனை, இரண்டையும் பங்குனிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சில அழுத்த மாத்திரைகள், மெட்டோபுரோலால், அட்டெனோலால் வகை, நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர் கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று முடிவு கட்டக் கூடாது. பேச்சுதான் நம்பகமான அளவுகோல். ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

மேலே மூச்சு முட்டினால் ‘உயரம், காற்று மெலிந்துவிட்டது’ என்று கூட வருகிறவர்கள் சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள். வெள்ளியங்கிரி உச்சி 1,800 மீட்டருக்குள்தான். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டி பஸ் நிலையத்தில் இறங்குகிற யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கணக்கு. நெஞ்சை அழுத்துவது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுவது, காரணமில்லாமல் குளிர்ந்து வியர்ப்பது, பத்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்காதது: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். அங்கே வண்டி வராது. மனிதர்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், மேலே போகப் போக அந்தத் தூரம் கூடும்.

உங்கள் போன வருடப் பயணத்தின் அட்டவணையையும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன்: பகல் முழுதும் ஆலையில் வேலை, மாலை காரில் ஏறிக் கோவை, இரவு பத்து மணி வாக்கில் பூண்டி, அப்படியே மலை. உச்சியில் காற்றும் குளிரும். வெயில் ஏறிய பிறகு தூக்கமில்லாத காலோடு இறக்கம். இந்த முறை முதல் நாள் மதியமே வேலையை முடித்துவிட்டு, நான்கு ஐந்து மணி நேரமாவது தூங்கிய பிறகு கிளம்புங்கள். இரவில் ஏறுவதாக இருந்தால் கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். இரண்டு கையும் தடிக்குத் தேவை. உச்சியில் நனைந்த சட்டையோடு காற்றில் உட்காராமல் இருக்க ஒரு காய்ந்த பனியன் எடுத்துச் செல்லுங்கள். நிலக்கடலை, கடலை மிட்டாய், கொஞ்சம் புளிச்சோறு, ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றிரண்டு, குளிர்பானம் வேண்டாம். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள் என்பதால் வீட்டிலேயே துணியிலும் காகிதத்திலும் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனால் வரிசையில் நேரம் மிச்சம். யானை நடமாடும் காடு அது. குறுக்குவழி, தனிநடை இரண்டும் கூடாது.

சித்ரா பௌர்ணமி வேண்டாம் என்பது என் கட்சி. அன்று மலை முழுதும் கூட்டம். பின்னால் நூறு பேர் நிற்கும்போது நீங்கள் பக்கவாட்டில் திரும்பி நிதானமாக இறங்க முடியாது. அடுத்தவர் வேகத்தில் இறங்குவீர்கள், முட்டி உங்களுடையது. அதற்கு முன்போ பின்போ ஒரு வேலை நாளில் போங்கள். போகிற நாளில் வெள்ளை விநாயகர் கோயிலில் பத்து நிமிடம் உட்காருங்கள். மூச்சு அடங்கி, தொடையில் நடுக்கம் இல்லையென்றால் மேலே. இல்லையென்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். பூண்டியில் அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. இதைக் கிளம்புமுன்பே மச்சானிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் வைத்து வாக்குவாதம் செய்யாதீர்கள்.

பங்குனிக் கடைசிச் சோதனையில் தேறாவிட்டாலும் இந்த ஆண்டு போயிற்று என்று விட வேண்டாம். வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரியிலிருந்து மே வரை அனுமதிக்கிறது. இன்னும் மூன்று வாரம் சென்னிமலையில் இறங்கிப் பழகிவிட்டு மே முதல் பாதியில் முயலலாம். கோடை மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்; பாறை வழுக்கும். தேதியை மச்சானிடம் இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.